பிள்ளையின் பயணப் பையில் நாம் எழுத மறக்கும் பொருட்கள்

சில வருடங்களுக்கு முன்னர், தீவகத்துப் பாடசாலைகள் சிலவற்றின் மாணவர்களை யாழ்ப்பாண நகரில் நடந்த இரண்டு நாள் போட்டியொன்றுக்கு அழைத்துச் சென்ற ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. எழுவைதீவிலிருந்து வந்த பிள்ளைகள் காலைப் படகில் ஊர்காவற்றுறை இறங்குதுறைக்கு வந்து எங்களுடைய பஸ்ஸில் ஏறினார்கள். அவர்களில் தரம் 9 இல் படித்த ஒரு மாணவி, நகருக்கு வந்து சேர்ந்த பின்னரும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டோம். "பசிக்கேல்லை டீச்சர்" என்றாள். அவளுடைய இலக்கத்தை ஒலிபெருக்கியில் கூப்பிட்டபோதும் அசையவில்லை. பயந்துவிட்டாள் என்று நினைத்து எங்களில் ஒருவர் கொஞ்சம் கடுமையாகவே ஏசினார்.

நான் பக்கத்தில் போய் இருந்து மெதுவாகக் கேட்டபோதுதான் அழுதாள். படகில் வரும்போதே மாதவிடாய் தொடங்கியிருக்கிறது. பையில் பேட் இல்லை. போட்டிருந்ததோ வெள்ளைச் சீருடை. எழும்பினால் எல்லோரும் பார்ப்பார்கள் என்ற பயத்தில் காலையிலிருந்து அந்த ஆசனத்திலேயே இருந்திருக்கிறாள். மலசலகூடம் போக வேண்டி வருமே என்று ஒரு மிடறு தண்ணீரும் குடிக்கவில்லை.

அவளிடம் கேட்டுக்கொண்டு பையைத் திறந்து பார்த்தேன். இஸ்திரி போட்ட உடுப்பு, விளையாட்டுச் சப்பாத்து, தொப்பி, பிஸ்கட், தண்ணீர்ப் போத்தல், பவுடர் டின். பாடசாலையிலிருந்து அனுப்பிய பட்டியலில் இருந்த அத்தனையும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. அந்தத் தாய் ஒன்றையும் தவறவிடவில்லை. அந்தப் பட்டியலை எழுதியவள் நான். தொப்பி, சப்பாத்து, கைச்செலவுக்குப் பணம் என்றெல்லாம் எழுதிய நான் இதை எழுதவில்லை. பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகளை வெளியூரில் ஓர் இரவு தங்கவைக்கப் போகும் பெண்ணாகிய எனக்கு அது தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும், அதிபரும் ஆண் ஆசிரியர்களும் தந்தைமாரும் வாசிக்கும் ஒரு கடிதத்தில் அதை எழுதக் கூச்சப்பட்டிருப்பேன் என்பதே உண்மை.

மூன்று மாதம் பயிற்சி எடுத்த அந்தப் பிள்ளை போட்டியில் பங்குபற்றாமலே ஊர் திரும்பினாள்.

ஊருக்கு வந்த பின்னர், விடுமுறை முகாமொன்றுக்குப் போகவிருந்த என் சொந்த மகனின் பையைத் திறந்து பார்த்தேன். அதிலும் இதே குறைதான். சாரம், சேட், தொப்பி, பிஸ்கட் எல்லாம் இருந்தன. பதின்மூன்று வயதுப் பையனுடைய உடலுக்கு என்ன தேவை என்று நானும் யோசிக்கவில்லை, அவனுடைய வாப்பாவும் யோசிக்கவில்லை. எட்டு வயதில் எப்படி அனுப்பினோமோ அப்படியே அனுப்பப் பார்த்தோம்.

நம்முடைய பிள்ளைகள் அதிகம் பயணம் செய்கிறவர்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு வீடும் புத்தளத்தில் ஒரு வீடுமாக வாழும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ. ஹிப்ழ் மதரஸா விடுதி, மாகாண மட்டப் போட்டி, சாரணர் முகாம், கல்விச் சுற்றுலா, டிசம்பர் விடுமுறையில் உம்ரா என்று பத்து வயதுக்குப் பிறகு பிள்ளை வீட்டை விட்டு வெளியே தங்கும் நாட்கள் கூடிக்கொண்டே போகின்றன. அந்த நாட்களுக்கு ஒரு சிறிய சுகாதாரப் பையை எப்படித் தயார் செய்வது என்பதை, பிழைவிட்டுக் கற்றுக்கொண்டவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

தீவுப் பயணம் கற்றுத் தருவது

வேலணை, புங்குடுதீவு, காரைநகர் போன்றவை தாம்போதிகளால் நிலத்துடன் இணைக்கப்பட்டவை. எழுவைதீவு, அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகியவற்றுக்குப் படகுதான் வழி. எழுவைதீவுப் பிள்ளை ஒன்று நகருக்கு வரவேண்டுமானால் முதலில் ஊர்காவற்றுறைக்குப் படகு. பிறகு வேலணை, அல்லைப்பிட்டி, பண்ணை வழியாக பஸ். படகில் மலசலகூடம் கிடையாது. கடல் நீர் தெறித்துப் பை நனையும். சோளகக் காற்றும் மழைக்கால வாடைக் காற்றும் பலமாக வீசும் நாட்களில் படகு ஓடாமல் போகலாம். ஒரு நாள் என்று புறப்பட்ட பிள்ளை உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்க நேரிடலாம்.

நகரத்திலும் புத்தளத்திலும் இருக்கும் நமக்கும் இதில் பாடம் இருக்கிறது. பஸ் பழுதடையலாம், நிகழ்ச்சி நீளலாம், வழியில் நல்ல மலசலகூடம் கிடைக்காமல் போகலாம். ஆகவே மூன்று விதிகளை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திட்டமிட்ட நாட்களை விட ஒரு நாளுக்குக் கூடுதலாக வையுங்கள். நனையாதபடி வையுங்கள். அவசரத்துக்குத் தேவையானவற்றைப் பெரிய பையில் புதைக்காமல், கையோடு இருக்கும் சிறிய பையில் வையுங்கள். பெரிய பை பஸ்ஸின் அடியிலோ படகின் மூலையிலோ மற்றவர்களின் பைகளுக்குக் கீழே கிடக்கும். தேவைப்படும் நேரத்தில் எடுக்க முடியாது.

தண்ணீர் ஊருக்கு ஊர் வேறு

சுகாதாரப் பை என்றதும் சவர்க்காரமும் பற்பசையும்தான் நினைவுக்கு வரும். அதற்கு முன்னர், பிள்ளை போகும் இடத்தில் தண்ணீர் எப்படி என்று விசாரியுங்கள்.

யாழ் குடாநாடும் தீவுகளும் சுண்ணாம்புக் கல் நிலம். மழைநீர் அந்தக் கல்லுக்குள் இறங்கித் தங்குவதுதான் நமது கிணற்று நீர். அதனால் அதில் கல்சியம் அதிகம். தீவுகளில் பல கிணறுகளில் உவர்ப்பும் சேர்ந்திருக்கும். இப்படிப்பட்ட நீரில் சவர்க்காரம் லேசில் நுரைக்காது. கல்சியம் சவர்க்காரத்துடன் சேர்ந்து வெள்ளையாகத் திரைந்து தோலிலும் தலைமயிரிலும் ஒட்டிக்கொள்ளும். வெளியூர்ப் பிள்ளை தீவுக்கு வந்து குளித்துவிட்டு "தலை பிசுபிசுக்குது" என்று சொல்வது இதனால்தான். ஷாம்பு இந்த நீரில் சவர்க்காரத்தை விட நன்றாக வேலை செய்யும். தலைக்குச் சவர்க்காரம் போடாமல் ஒரு சிறு பக்கெட் ஷாம்பு வைத்துவிட்டால் போதும்.

மலையகத்துக்குப் போகும் பிள்ளைக்கு வேறு பிரச்சினை. குளிருக்குப் பயந்து குளிக்காது. உதடும் தோலும் வெடிக்கும். அதற்குச் சிறிய வாசலின் டப்பா ஒன்று வேண்டும். எங்கே போனாலும் குடிக்கும் தண்ணீர் பற்றிச் சந்தேகம் இருந்தால் கொதித்தாறிய நீரையே குடிக்கச் சொல்லுங்கள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானவை

பற்தூரிகையும் சிறிய பற்பசையும் முதலில். தூரிகையின் தலைக்கு மூடி இருந்தால் நல்லது. ஈரத் தூரிகையைக் காற்றுப் போகாத பையில் பல மணி நேரம் அடைத்து வைக்கக் கூடாது. தங்குமிடம் போனதும் வெளியே எடுத்து உலரவிட வேண்டும். மிஸ்வாக் பழக்கமுள்ள பிள்ளை அதையும் கொண்டுபோகட்டும். இரவில் படுக்கும் முன் புளோரைட் உள்ள பற்பசையால் துலக்குவதைப் பயணத்திலும் விடக்கூடாது. முகாம்களில் பிள்ளைகள் முதலில் கைவிடுவது இதைத்தான்.

சவர்க்காரத்தைத் துளையுள்ள பெட்டியில் வையுங்கள். பொதுக் குளியலறையில் கிடக்கும் சவர்க்காரத்தைப் பாவிக்கத் தேவையில்லாதபடி அவர்களுடையது அவர்களிடம் இருக்கட்டும். பாடசாலை மலசலகூடங்களிலும் பஸ் தரிப்பிடங்களிலும் கை கழுவச் சவர்க்காரம் இருக்காது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சவர்க்காரத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி, தனியாக ஒரு சிறு டப்பாவில் கைப்பையில் வைத்தால் போதும். சாப்பிடும் முன்னும் மலசலகூடம் போய்வந்த பின்னும் 20 விநாடி தேய்த்துக் கழுவ வேண்டும்.

மெல்லிய துவாய் இரண்டு. தடித்த துவாய் காயாது. ஈரத் துவாயைச் சுருட்டிப் பையில் அமுக்கினால் அடுத்த நாள் மணக்கும். படர்தாமரை போன்ற பூஞ்சைத் தொற்றுகளுக்கும் அது வழி. கொடியில் போட ஒரு துண்டுக் கயிறும் நாலு கிளிப்பும் கொடுத்தனுப்பும் தாய் புத்திசாலி.

உள்ளாடைகளை நாட்களின் எண்ணிக்கையை விட இரண்டு கூடுதலாக, பருத்தியில் வையுங்கள். அழுக்கானவற்றைப் போட ஒரு தனிப் பையும் தேவை. நகவெட்டி, சீப்பு, சிறிய கண்ணாடி, ஒரு பக்கெட் டிஸ்யூ ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னுமொன்று வியர்வை. பருவ வயதில் அக்குளில் உள்ள ஒருவகை வியர்வைச் சுரப்பிகள் புதிதாக வேலை செய்யத் தொடங்குகின்றன. அந்த வியர்வைக்குத் தானாக மணம் இல்லை. தோலில் உள்ள பக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் வருகிறது. ஆகவே மருந்து, கழுவுவதுதான். கழுவாத உடம்பின் மேல் பொடி ஸ்பிரே அடித்தால் இரண்டு மணமும் சேர்ந்து மோசமாகும். மூடிய பஸ்ஸில் அதை அடித்தால் ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மூச்சிழுக்கும். சிறிய ரோல்-ஓன் ஒன்று போதும். "நாறுகிறாய்" என்று கூட்டத்தில் சொல்லப்பட்ட ஒரு வார்த்தையைப் பிள்ளைகள் வருடக்கணக்கில் மறப்பதில்லை. அந்த வார்த்தை வருமுன் வீட்டில் நாமே அன்பாகச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும்.

பெண்பிள்ளைக்கு

ஒன்பது, பத்து வயதைத் தாண்டிய எந்தப் பெண்பிள்ளையின் பயணப் பையிலும் பேட் இருக்க வேண்டும். இன்னும் பெரியபிள்ளை ஆகாதவளுக்கும் இது பொருந்தும். முதல் மாதவிடாய் வீட்டில்தான் வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. "அவவுக்கு இன்னும் திகதி வரேல்லை" என்று கணக்குப் பார்ப்பதும் பிழை. தொடங்கி முதல் இரண்டு மூன்று வருடங்களில் மாதவிடாய் ஒழுங்காக வராது. பல நாட்கள் முந்தும், பிந்தும். பயணமும் பரபரப்பும் அதை இன்னும் மாற்றலாம். அன்று பஸ்ஸில் இருந்த பிள்ளைக்கும் அதுதான் நடந்தது.

நாலு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற கணக்கில், ஒரு நாளைக்கு ஐந்து பேட் என்று வையுங்கள். அவற்றில் இரண்டை ஓர் உள்ளாடையுடன் சேர்த்துச் சிறிய சிப் பையில் போட்டுக் கைப்பையில் வையுங்கள். பாவித்ததைச் சுற்றிப் போடப் பழைய பத்திரிகைத் தாளும் ஒளி ஊடுருவாத சிறு பைகளும் வேண்டும். மலசலகூடக் குழிக்குள் போடக்கூடாது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். அடைத்துக்கொண்டால் அடுத்த நாள் நூறு பிள்ளைகளுக்கு மலசலகூடம் இல்லாமல் போகும். துணி பாவிக்கும் குடும்பமென்றால் அதில் குறைவொன்றும் இல்லை. ஆனால் துணியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். முகாமில் வெட்கத்தில் அதைக் கட்டிலுக்குக் கீழே மறைத்துக் காயவைப்பார்கள். அரைகுறையாகக் காய்ந்த துணி தோலைப் புண்ணாக்கும். அதனால் பயணத்துக்கு மட்டுமாவது பேட் வாங்கிக் கொடுங்கள். கடும் நிறத்தில் ஒரு பாவாடை அல்லது சல்வார் காற்சட்டை மேலதிகமாக ஒன்று இருக்கட்டும்.

விலை சிறிய விடயம் அல்ல. 2018 செப்டெம்பர் வரை இலங்கைக்கு இறக்குமதியாகும் பேட்களுக்கு எல்லா வரிகளும் சேர்ந்து 101.2 வீதம் அறவிடப்பட்டது. அந்த மாதம் செஸ் வரி நீக்கப்பட்டபோதும் 62.6 வீதம் மிஞ்சியது. 2024 இல் கஷ்டப் பிரதேசங்களையும் வறிய குடும்பங்களையும் சேர்ந்த ஏறத்தாழ 8 இலட்சம் மாணவிகளுக்கு 1,200 ரூபா பெறுமதியான வவுச்சர் வழங்கும் திட்டத்தைக் கல்வி அமைச்சு தொடங்கியது. உங்கள் பிள்ளையின் பாடசாலை இப்படியான திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று அதிபரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

தண்ணீர் குடிக்காமல் இருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலசலகூடத்துக்குப் பயந்து தண்ணீரைத் தவிர்ப்பதும் சிறுநீரை அடக்குவதும் நமது பெண்பிள்ளைகளிடம் சாதாரணமாகிவிட்ட பழக்கம். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் கட்டை, ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர்தான். கிருமிகள் சிறுநீர்ப்பைக்குப் போக அதிக தூரம் இல்லை. தண்ணீரும் குடிக்காமல் அடக்கியும் வைத்தால் தொற்று வர இடமுண்டு. எரிவு, அடிக்கடி போக வேண்டும் போன்ற உணர்வு, காய்ச்சல் வந்தால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். சுத்தம் செய்யும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும் என்பதும் தாய் சொல்லிக் கொடுக்க வேண்டிய ஒன்று.

ஆண்பிள்ளைக்கு

பையன்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. "அவன் எப்பிடியும் சமாளிப்பான்" என்று விட்டுவிடுகிறோம். நான் பயின்ற ஆசிரியர் கலாசாலையிலும் சரி, வகுப்பறையில் சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்திலும் சரி, பருவமாற்றம் பற்றிய பகுதியை வேகமாகப் புரட்டிக் கடந்தவர்கள்தான் நாங்கள்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன் விடுதியிலோ முகாமிலோ தங்கும்போது இரவில் தூக்கத்தில் விந்து வெளியாவது இயற்கை. அது நோயல்ல, பாவமுமல்ல என்பதையும், அதன் பின் குளிப்புக் கடமை என்பதையும், எப்படிக் குளிப்பது என்பதையும் வாப்பா முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் என்ன நடக்கும்? சுபஹுக்கு எல்லோரும் எழும்பும்போது அவன் போர்வைக்குள் சுருண்டு கிடப்பான். சோம்பேறி என்று ஏச்சு வாங்குவான். அல்லது குளிக்காமலே ஸஃப்பில் போய் நின்று, மனதுக்குள் குற்ற உணர்வோடு நாள் முழுவதும் திரிவான். மேலதிகமாக ஒரு சாரம், இரண்டு உள்ளாடை, ஈரத் துணி போட ஒரு பை, ஒரு சவர்க்காரம், கூடவே வாப்பா சொன்ன பத்து நிமிடப் பேச்சு. இவ்வளவும் இருந்தால் அந்தக் காலையை அவன் அமைதியாகக் கடப்பான்.

ஈரமான உள்ளாடையுடன் விளையாடித் திரிவதால் தொடை இடுக்கில் பூஞ்சைத் தொற்று வரும். குளித்தபின் அந்த இடத்தை நன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும். சொறிச்சல் வந்தால் நண்பன் கொடுக்கும் ஏதோ ஒரு களிம்பைப் பூசக் கூடாது. ஸ்டீரொயிட் கலந்த களிம்பு படர்தாமரையை மறைத்து இன்னும் பரப்பிவிடும். முகப்பருவைப் பிதுக்க வேண்டாம், மென்மையான சவர்க்காரத்தால் நாளுக்கு இரண்டு தரம் கழுவினால் போதும் என்பது இருபாலாருக்கும் பொது.

வுழூவும் தொழுகையும்

நம் பிள்ளைகளுக்குப் பயணத்தில் இஸ்தின்ஜாவுக்குத் தண்ணீர் அவசியம். பல இடங்களில் குழாய் இருக்கும், வாளி இருக்காது. காலியான அரை லீற்றர் போத்தல் ஒன்று கைப்பையில் இருந்தால் அந்தக் கவலை தீரும். கழற்றிப் போட இலகுவான இறப்பர் செருப்பு ஒரு சோடி, வுழூ செய்யவும் குளியலறைக்கும் தேவை. அக்குள், மறைவிட முடிகளை அகற்றுவதும் நகம் வெட்டுவதும் 40 நாளைத் தாண்டக் கூடாது என்பது நமக்குத் தெரிந்ததுதான். அதைப் புறப்படுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே வீட்டில் முடிக்கச் சொல்லுங்கள். புறப்படும் அன்று அவசரத்தில் பிளேட் பட்ட தோலில் வியர்வையும் உப்பு நீரும் பட்டால் எரியும்.

இன்னொன்றை மௌலவிமாரிடமும் ஆசிரியர்களிடமும் வேண்டிக் கேட்கிறேன். தொழுகைக்காக பஸ்ஸை நிறுத்தும்போது, இறங்காமல் இருக்கும் பெண்பிள்ளையைப் பார்த்து "ஏன் தொழப் போகவில்லை?" என்று எல்லோர் முன்னும் கேட்காதீர்கள். மார்க்கம் அவளுக்குத் தந்த சலுகையை அவள் நாற்பது பேருக்கு விளக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தக் கேள்விக்குப் பயந்து, தொழுவதுபோல் போய் நின்ற பிள்ளைகளை நான் அறிவேன்.

உம்ராவுக்குப் போகும் பிள்ளையின் பையில் மணமில்லாத சவர்க்காரம் வையுங்கள். இஹ்ராமில் நறுமணம் கூடாது, நகம் வெட்டவும் கூடாது. விமானத்தில் கையோடு கொண்டுபோகும் திரவங்களும் பசைகளும் ஒவ்வொன்றும் 100 மில்லிலீற்றருக்கு மேற்படாத கொள்கலனில் இருக்க வேண்டும். பிளேட், கத்தரிக்கோல் போன்றவற்றைப் பெரிய பயணப் பெட்டியில் போடுங்கள்.

சிறு மருந்துகளும் பகிரக் கூடாதவையும்

ஜீவனி இரண்டு பக்கெட், பனடோல் ஓர் அட்டை, காயத்துக்குப் பிளாஸ்டர், கடலிலும் பஸ்ஸிலும் சத்தி எடுக்கும் பிள்ளைக்கு இரண்டு மூன்று பொலித்தீன் பை. வயிற்றோட்டம் வந்தால் ஜீவனியை பக்கெட்டில் எழுதியுள்ள அளவு கொதித்தாறிய நீரில்தான் கரைக்க வேண்டும். கால் பக்கெட், அரைப் பக்கெட் என்று கண்மதிப்பில் கரைத்தால் பயனில்லை. பனடோல் ஒருமுறை குடித்தால் அடுத்ததற்குக் குறைந்தது நாலு மணித்தியாலம் போக வேண்டும். ஒரு நாளில் நாலு தரத்துக்கு மேல் கூடாது. ஆஸ்துமா பம்ப், வலிப்பு மருந்து போன்று தினமும் தேவைப்படுபவை கைப்பையில் இருக்க வேண்டும். பொறுப்பான ஆசிரியருக்கும் அதுபற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

"இல்லாதவனுக்குக் கொடு" என்றுதான் பிள்ளைகளை வளர்க்கிறோம். ஆனால் சிலவற்றைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லித்தான் ஆகவேண்டும். பிளேட், ரேசர், பற்தூரிகை ஆகியவற்றில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கலாம்; ஹெப்பரைட்டிஸ் பி போன்றவை அதன்மூலம் பரவும். துவாயும் உள்ளாடையும் படுக்கை விரிப்பும் சொறியையும் பூஞ்சையையும் கடத்தும். சீப்பும் தொப்பியும் பேனைக் கடத்தலாம். விடுதியில் இருக்கும் பிள்ளை "இரவில் கடிக்குது, விரலிடுக்கில் சொறியுது" என்று சொன்னால் அது சிரங்குப் பூச்சியாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள். அவனுக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. கூடத் தங்கியவர்களுக்கும் வீட்டாருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை செய்தால்தான் அது ஒழியும். இது அழுக்கான குடும்பத்தின் அடையாளம் அல்ல, நெருக்கமாகப் படுத்தால் யாருக்கும் தொற்றக்கூடியது.

பையை அடுக்க வேண்டியது யார்?

பிள்ளைதான். புறப்படும் நாள் விடியற்காலையில் உம்மா அவசரமாகத் திணித்த பையில் என்ன எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. இருந்தும் இல்லாத மாதிரிதான். இரண்டு நாட்களுக்கு முன்னர், ஒரு பாயில் எல்லாவற்றையும் பரப்பி வையுங்கள். ஒவ்வொன்றும் எதற்கு என்று சொல்லுங்கள். பிறகு பிள்ளையின் கையாலேயே அடுக்கவிட்டு, நீங்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள். பையொன்று புதிதாக வாங்க வேண்டியதில்லை. பழைய பென்சில் பை, சிப் உள்ள அழகுசாதனப் பை எதுவும் போதும். உள்ளே ஒரு கட்டியான பொலித்தீன் பையைப் போட்டால் கடல் தண்ணீரும் மழையும் உள்ளே போகாது.

உம்மா வெளிநாட்டில் வேலை செய்யும் வீடுகளில் வாப்பாவோ மூத்தம்மாவோ இதைச் செய்ய வேண்டியிருக்கும். வாப்பா கடைக்குப் போய் மகளுக்குப் பேட் வாங்கிவருவது கேவலம் அல்ல. வாப்பா கட்டாரிலோ சவூதியிலோ இருந்தால், மகனுடன் பேச மாமாவையோ சாச்சாவையோ கேட்டுக்கொள்ளுங்கள். யாரும் பேசாவிட்டால் கையிலிருக்கும் கைபேசி பேசும். அது சொல்லும் பாடம் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும்.

கடைசியாகப் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "அங்கே ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்லுவாய்?" ஒரு பெயர் வர வேண்டும். வராவிட்டால், கூடப் போகும் ஆசிரியை ஒருவரிடம் நீங்களே பேசிவிட்டு அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.

பாடசாலைகளும் மதரஸாக்களும்

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் எழுதும் பட்டியல்களில் ஒரு வரி சேர்ந்தது: "தனிப்பட்ட சுகாதாரப் பொருட்கள் (பெண்பிள்ளைகள் பேட் உட்பட)". முதல்முறை எழுதியபோது கை கூசியது. கடிதத்தைப் பார்த்த அதிபர் ஒன்றும் சொல்லாமல் கையொப்பமிட்டார். ஒரு தந்தை மட்டும் வாசலில் நின்று, "டீச்சர், இது எந்தக் கடையில நல்லது?" என்று கேட்டார். நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

எங்கே பிள்ளைகளைக் கூட்டிப்போனாலும் இப்போது என் கைப்பையில் மேலதிகமாக ஒரு சிறு பை இருக்கிறது. பத்துப் பேட், இரண்டு புதிய உள்ளாடை, ஒரு கறுப்புப் பாவாடை, சவர்க்காரம், பத்திரிகைத் தாள். பெரிய செலவில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் பள்ளிவாசல் நிருவாகங்களும் மனம் வைத்தால் பயணம் போகும் ஒவ்வொரு பஸ்ஸிலும் இப்படியொன்றை வைக்கலாம். ஆண்பிள்ளைகளின் விடுதிகளில் ஒரு மூலையில் மேலதிகச் சாரங்கள் நாலும் சவர்க்காரமும் வைத்து, "தேவையானவர் கேட்காமலே எடுக்கலாம்" என்று எழுதி ஒட்டலாம். கேட்க வேண்டும் என்றால் அந்த வயதில் பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள்.

அந்த எழுவைதீவுப் பிள்ளை அடுத்த வருடமும் வந்தாள். படகிலிருந்து இறங்கி பஸ்ஸில் ஏறும்போது, தோளில் தொங்கிய சின்னப் பையைத் தட்டிக் காட்டி, "இந்த முறை எல்லாம் இருக்கு டீச்சர்" என்றாள். அன்று அவள் ஓடினாள். மூன்றாம் இடம் வந்தாள்.